பதினான்காம் தேதி, ஒன்று ஐம்பது

டப்ளின்,
11.10.2000

அன்புள்ள மாமாவுக்கு,

வனிதா வணக்கத்துடன் எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் "சாமான் பத்திரம், சாமான் பத்திரம்" என்று பத்துத் தடவை சொன்னீர்களே, சாமான் பத்திரமாக இருக்கிறது. நடுவில் ஒரு தடவையாவது "நீ பத்திரம்" என்று சொல்லியிருக்கலாம். டீ ஃபாக்டரியில் லீவு இல்லையென்று அங்கிருந்தே திரும்பிப் போனீர்கள். அதற்கும் சேர்த்து ஒரு நாள் சண்டை பாக்கி இருக்கிறது.

ஏஜென்சிக்காரர் எங்கள் பதினோரு நர்சுகளையும் மந்தையாக ஓட்டிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றிவிட்டார். கிளம்பும்போது மணி ஒன்று ஐம்பது. தூங்கி எழுந்தேன், இருட்டு. சாப்பாடு கொடுத்தார்கள், இருட்டு. மறுபடி தூங்கி எழுந்து கடிகாரத்தைப் பார்த்தால் நம் ஊர் நேரம் காலை ஒன்பது. வெளியே அப்போதும் கும்மிருட்டு. மாமா, நிஜமாகவே பயந்துவிட்டேன். பக்கத்தில் லோயிஸ் அக்கா உட்கார்ந்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரர், ஏற்கெனவே மஸ்கட்டில் நர்சாக இருந்தவர். "சூரியன் நம்ம பின்னால வருது, நாம அதுக்கு முன்னால ஓடுதோம். அது நம்மளப் பிடிக்க நேரம் ஆகும்லா" என்று சிரித்தார்கள்.

பதினோரு மணிக்குத்தான் சன்னலில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. முந்தின நாள் ஆறு மணிக்கு இருட்டியதிலிருந்து கணக்குப் போட்டால் அந்த ராத்திரிக்குப் பதினேழு மணி நேரம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மேலே ஒரு திரையில் நாங்கள் எங்கே பறக்கிறோம் என்று காட்டிக்கொண்டே வந்தார்கள். உயரம் முப்பத்தாறாயிரம் அடி. நீங்கள் கேட்பீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஃபிராங்க்பர்ட் வரை பத்து மணி நேரம், அங்கிருந்து டப்ளினுக்கு இரண்டு மணி நேரம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கம்பளியை வெயிலில் போடுங்கள்.

உங்கள்,
வனிதா


எடப்பள்ளி, குன்னூர்,
24.10.2000

அன்புள்ள வனிதாவுக்கு,

தரணிதரன் எழுதிக்கொள்வது. நீ பன்னிரண்டு மணி நேரத்தில் போன தூரத்தை உன் கடிதம் பன்னிரண்டு நாளில் திரும்பி வந்திருக்கிறது. தபால்காரர் மூக்கன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீமேக்கருங்க, அம்மிணி இவ்ளோ தூரமா போயிருக்குது?" என்றார். எனக்கே அப்போதுதான் தூரம் உறைத்தது.

பள்ளிக்கூடத்து சாரிடம் கெஞ்சி உலக உருண்டையை இரண்டு நாளைக்கு வாங்கி வந்தேன். முதலில் அட்லஸில் சென்னைக்கும் ஃபிராங்க்பர்ட்டுக்கும் நடுவே நூலை நேராகப் பிடித்தேன். பிறகு அதே நூலை உருண்டையில் இழுத்துப் பிடித்தால், அது வேறு வழியாக, இன்னும் வடக்கே, காஸ்பியன் கடல் பக்கமாகப் போகிறது! காகிதத்தில் நேராகத் தெரிகிற வழி பூமியில் சுற்று வழியாம். உருண்டையில் இருப்பதுதான் குறுக்கு வழியாம். முப்பத்தைந்து வயது வரை இது தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ பறந்த உயரம் நாலு தொட்டபெட்டாவை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, அதற்கும் மேலே. நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதே ஐந்து மணி நேரத்தில் நீ பாதி உலகத்தைத் தாண்டிவிட்டாய். என் பெண்டாட்டி இதைச் செய்தாள் என்று யாரிடம் சொன்னாலும் ஒரு நிமிடம் என்னையே புதிதாகப் பார்க்கிறார்கள்.

பதினேழு மணி நேர ராத்திரி என்று எழுதியிருந்ததைக் கந்தனிடம் சொன்னேன். டிரையருக்கு விறகு போடுகிறவன் வேறென்ன சொல்வான்? "அண்ணா, அப்புடி ஒரு ராத்திரி இங்க வந்தா என்னைய வேலைக்குக் கூப்புட்ராதீங்க" என்றான்.

ஃபாக்டரி இப்போது வாரத்தில் நாலு நாள்தான் ஓடுகிறது. பச்சை இலைக்கு விலையில்லை. நேற்று விவசாயி ஒருவர் இலை மூட்டையை நம் கேட்டு முன்னாலேயே கொட்டிவிட்டுப் போனார். வழியில் நின்று அதைப் பார்த்தேன். நல்ல இலை. மற்றபடி சுகம்.

நீ பத்திரம். நீ பத்திரம். நீ பத்திரம். மீதி ஏழு தடவையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
தரணிதரன்


டப்ளின்,
22.6.2001

அன்புள்ள மாமாவுக்கு,

இப்போது இரவு மணி பத்து. விளக்குப் போடாமல் சன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். நம்பமாட்டீர்கள், வெளியே வெளிச்சம் இருக்கிறது. பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுகிறார்கள். போன வருஷம் நான் தாண்டி வந்த அந்த நீண்ட ராத்திரிக்குப் பதிலாக இந்தப் பகலைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் டீ குடிக்கிறார்கள். காலையில் குடித்து, பத்து மணிக்குக் குடித்து, யாராவது செத்துப்போனாலும் முதலில் டீ போடுகிறார்கள். என் வார்டில் ஒரு பெரியவர், வயது எண்பத்திரண்டு. என் வீட்டுக்காரர் டீத்தூள் தயாரிக்கிறவர் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ராஜா மகளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். கடையில் போய்ப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். கென்யா இருக்கிறது, அசாம் இருக்கிறது. நம் மலை பெயர் எதிலும் இல்லை. அங்கேயே நின்று எனக்குக் கோபம் வந்தது.

மாமா, ஒன்று சொல்கிறேன், மறுக்காமல் படியுங்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் வாருங்கள். வந்த உடனே வேலை செய்ய அனுமதி கிடைக்காது, கொஞ்ச காலம் வீட்டில் இருக்க வேண்டியிருக்கும். ஆனால் வாருங்கள். நமக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், அதில் எட்டு மாதத்தைக் கடிதத்திலேயே வாழ்ந்துவிட்டோம். டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால் சுவரோடு பேசுகிறேன். சுவர் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள்,
வனிதா


எடப்பள்ளி,
19.9.2001

அன்புள்ள வனிதாவுக்கு,

பதில் எழுத இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. திட்டு. ஃபாக்டரியை ஆகஸ்டு கடைசியில் மூடிவிட்டார்கள். முதலாளி சாவியை என் கையில் கொடுத்து, "டீமேக்கர், மறுபடி தொறக்கற வரைக்கும் நீங்களே வெச்சிருங்க" என்றார். தினமும் காலையில் போய்த் திறந்து ரோலர்களுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருகிறேன். துரு ஏறக் கூடாதல்லவா. உள்ளே இப்போது டீ வாசனையே இல்லை. இத்தனை பெரிய கட்டடம் இவ்வளவு சத்தமில்லாமல் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

பகலில் கேத்தியில் கேரட் கழுவுகிற இடத்தில் மூட்டை நிறுக்கிறேன். இங்கே என்னைக் "கேரட்டுக்காரரே" என்கிறார்கள். தப்பில்லை, அதுவும் வேலைதான்.

நீ அழைத்ததைப் பற்றி. உண்மையைச் சொல்கிறேன். அந்த ஊரில் நான் யார்? நீ காலையில் வேலைக்குப் போவாய். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது கேட்டால் நர்ஸ் வனிதாவின் வீட்டுக்காரர் என்பார்கள். அது மரியாதைதான். ஆனால் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது இந்த மலையில்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, ராத்திரி உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். சுவரோடு பேசுகிறாய் என்கிறாய். வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
தரணிதரன்


டப்ளின்,
12.2.2002

அன்புள்ள மாமாவுக்கு,

விசா வந்ததைப் போனில் சொன்னீர்களே, அன்றைக்கு வார்டில் எல்லோருக்கும் என் செலவில் கேக். இத்துடன் டிக்கெட்டை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மார்ச் பதினான்காம் தேதி, ஒன்று ஐம்பதுக்குச் சென்னையில் விமானம். நான் வந்த அதே விமானம். சன்னலோர சீட் கேட்டு வாங்குங்கள், இடது பக்கம் வேண்டாம், விடிவது வலது பக்கம்தான் தெரியும்.

இரண்டு சட்டை போதும், குளிருக்கு இங்கே வாங்கிக்கொள்ளலாம். ஊறுகாயை மறக்காதீர்கள். உங்களை மறந்தாலும் பரவாயில்லை.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன். உங்கள் முகம் கதவு வழியாக வெளியே வருவதை நின்று பார்க்கப் போகிறேன். ஒரு ஆள் இவ்வளவு தூரத்தைத் தாண்டி என்னைப் பார்க்க வருகிறார், அது என் வீட்டுக்காரர்.

உங்கள்,
வனிதா


டப்ளின்,
15.3.2002

திரு. தரணிதரன் அவர்களுக்கு,

நேற்றுக் காலை ஒன்பது மணியிலிருந்து விமான நிலையத்தில் நின்றேன். ஃபிராங்க்பர்ட் விமானம் வந்தது. ஆட்கள் வந்தார்கள். கடைசியாகச் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி வந்தார். அதற்குப் பின் கதவு திறக்கவில்லை. அடுத்த விமானத்தையும் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். லோயிஸ் அக்கா வந்துதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள்.

சாயங்காலம் சென்னை பூத்திலிருந்து கூப்பிட்டீர்கள். "தேதி தப்பாயிருச்சு வனிதா" என்றீர்கள். போனை வைத்துவிட்டேன்.

இலை ஐம்பத்தைந்து நிமிடம் புளித்ததும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிப்போய் மணி அடிக்கிற மனிதர் நீங்கள். ஒரு நிமிடம் கூடினால் டீ கெட்டுவிடும் என்று என்னையே எத்தனை ராத்திரி பாதிப் பேச்சில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்! அந்த மனிதர் ஒரு முழு நாளைத் தொலைத்துவிட்டேன் என்றால் யார் நம்புவார்? வர மனமில்லை என்றால் செப்டம்பர் கடிதத்தில் "அந்த ஊரில் நான் யார்" என்றதோடு நிறுத்தியிருக்கலாம். "வருகிறேன்" என்று எழுதியிருக்க வேண்டாம்.

வனிதா


எடப்பள்ளி,
18.3.2002

அன்புள்ள வனிதாவுக்கு,

நீ போனை வைத்தது சரிதான். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி, 01:50 என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. நான் அதை எப்படிப் படித்தேன் தெரியுமா? ஃபாக்டரியில் படிக்கிற மாதிரி. பதினான்காம் தேதி பறித்த இலை சாயங்காலம் வருகிறது. ராத்திரி அதைப் பரப்பி வாட விடுகிறோம். நடுச்சாமத்துக்கு மேல் ரோலரில் போகிறது. விடியக்காலம் டிரையரை விட்டு வருகிறது. அது எல்லாமே ரிஜிஸ்டரில் பதினான்காம் தேதிதான். ஒன்று ஐம்பதுக்கு ரோலர் ஓடினாலும் பதினான்குதான். காலை ஆறு மணிக்குத்தான் எங்களுக்குத் தேதி மாறும். பதினாலு வருஷம் அப்படித்தான் எழுதினேன். பதினான்காம் தேதி ஒன்று ஐம்பது என்றால் எனக்குப் பதினான்காம் தேதி ராத்திரி படுக்கப் போன பிறகு வருகிற ஒன்று ஐம்பது.

பதிமூன்றாம் தேதி ராத்திரி மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினோம். துணைக்குக் கந்தன் வந்தான். வழி முழுக்க அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. பதினான்காம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு ஏர்போர்ட் கேட்டில் டிக்கெட்டை நீட்டினேன். போலீஸ்காரர் பார்த்துவிட்டு, "சார், இது நேத்தே போயிடுச்சு" என்றார்.

உன்னைக் கூப்பிட்ட பிறகு ஊருக்குத் திரும்ப மனம் வரவில்லை. வெளிச்சுவரோரம் நின்றோம். சரியாக ஒன்று ஐம்பதுக்கு ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலே எழும்பிப் போனது. நான் தவறவிட்டதற்கு மறுநாள் விமானம். வனிதா, நம் டிரையரைத் தூக்க முப்பது பேர் வேண்டும். அதைப்போல நூறு டிரையர் கனமுள்ள இரும்பு, அத்தனை ஆட்களோடு, விளக்குகளோடு, ஒரே மூச்சில் மேலே ஏறியது. தரை அதிர்ந்தது, என் நெஞ்சும் அதிர்ந்தது. கடவுளே, என் துணையில்லாமல் இதிலா அவள் போனாள் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பதில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

தரணிதரன்


டப்ளின்,
4.5.2002

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. ஒரு மாதம் பதில் போடவில்லை. கோபம். கோபத்திலேயே அதைப் பத்துத் தடவை படித்திருப்பேன்.

போன வாரம் எனக்கு இரவு டியூட்டி. பன்னிரண்டு மணி அடித்ததும் எழுந்து ஒவ்வொரு நோயாளியின் தாளிலும் கோடு போட்டுப் புதுத் தேதி எழுதினேன். தினமும் செய்கிறதுதான். அன்றைக்குப் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறுகிறது. என் மாமாவுக்கு ஆறு மணிக்கு மாறுகிறது. நம் கல்யாணத்திலிருந்து இது இப்படித்தான் இருந்திருக்கிறது, இருவருக்கும் தெரியவில்லை. வார்டில் யாருமில்லாத இடத்துக்குப் போய்ச் சிரித்தேன். பிறகு அழுதேன். லோயிஸ் அக்கா, "ஒன் வீட்டுக்காரர மாதிரி வேற எந்த ஆளும் இந்தத் தப்பச் செய்யமாட்டாம்ட்டி" என்றார்கள். அதுதான் எனக்கும் தோன்றியது. உங்களை நம்புகிறேன். சந்தேகப்பட்டு எழுதியதற்கு மன்னியுங்கள்.

விசா ஜூன் முடிய இருக்கிறது. ஜூன் ஒன்பதாம் தேதிக்கு மறுபடி டிக்கெட் எடுத்திருக்கிறேன். எட்டாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நேரே ஏர்போர்ட்டுக்குப் போங்கள். எட்டாம் தேதி. ஃபாக்டரித் தேதியைத் தூக்கிப் போடுங்கள்.

உங்கள்,
வனிதா


விமானத்தில்,
9.6.2002

அன்புள்ள வனிதாவுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கையில் கொடுக்கப் போகிறேன்.

முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். எட்டாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கே ஏர்போர்ட்டில் உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னபடி வலது பக்கச் சன்னல் சீட்டே கிடைத்தது. விமானம் ஓட ஆரம்பித்தபோது முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். தரை விட்டது தெரியவேயில்லை. கீழே சென்னையின் விளக்குகள் சாய்ந்து போனபோதுதான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உடனே தூங்கிவிட்டார். வனிதா, இதில் எப்படித் தூங்குவது?

நாலரை மணி நேரம் இருட்டு. பிறகு வானத்தின் ஓரம் கிழிந்தது. உனக்கு வந்த ராத்திரியைவிட எனது சின்னது, ஜூன் மாதமல்லவா. கீழே பனி மூடின மலைகள். எந்த நாடென்று தெரியவில்லை. ஒரு மலை, அடுத்து ஒரு மலை, கண்ணுக்கு எட்டுகிற வரை மலை. ஒரு வீடு இல்லை, ஒரு பாதை இல்லை. நான் நீலகிரியில் பிறந்து வளர்ந்தவன், மலை என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காபி கொண்டுவந்த பெண் கேட்டது காதில் விழவில்லை.

இந்த உயரத்தில் பொய்யை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரிஜிஸ்டர் தேதியைப் பற்றி நான் எழுதியது உண்மை. டிக்கெட்டை முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை கந்தன் வீட்டுக்கு வந்தான். டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, எங்க மச்சான தொபாய்க்கு ஏத்திவிடப் போனப்போ முந்தின நாள் ராத்திரியே போனமுங்க. இதும் அப்புடித்தானுங்க இருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டுருங்கண்ணா" என்றான். நான் கத்தினேன். "ரிஜிஸ்டர் எழுதற எனக்கு நீ தேதி சொல்றயா?" என்றேன். அவன் போய்விட்டான்.

அவன் போன பிறகு டிக்கெட்டை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறையில் டிக்கெட் ஆபீசின் நம்பர் இருந்தது. பூத் நூறு அடியில் இருந்தது. கந்தன் சொல்வது சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, வனிதா. முழுசாகத் தெரியவில்லை, பாதி தெரிந்தது. அந்தப் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். போன் போடவில்லை. போட்டால் அன்று ராத்திரியே கிளம்ப வேண்டியிருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. விமானத்துக்கு இல்லை. உன் ஊரில் வேலையில்லாமல், பெயரில்லாமல், நீ கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு அந்த அறையில் உட்கார்ந்திருப்பதற்கு.

ஏர்போர்ட்டில் அந்தப் போலீஸ்காரர் "நேத்தே போயிடுச்சு" என்று சொன்னபோது என் மனதுக்குள் ஒரு ஓரத்தில் அப்பாடா என்று இருந்தது. அதே நேரத்தில் நீ அங்கே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நீ நம்புகிறேன் என்று எழுதி மன்னிப்பும் கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. நீ என்மேல் சந்தேகப்பட்டது சரி.

இப்போதும் பயம் போகவில்லை. ஆனாலும் வந்திருக்கிறேன். நீ இல்லாத ஊரில் பெயரோடு இருந்து பார்த்துவிட்டேன்.

விமானம் ஃபிராங்க்பர்ட்டில் இறங்கப் போகிறதாம், பெல்ட் போடச் சொல்கிறார்கள். இன்னும் இரண்டு மணி நேரப் பறப்புதான். கதவு திறந்து நான் வெளியே வந்ததும் நீ எதுவும் பேசுவதற்கு முன்னால் இந்தக் காகிதத்தைக் கொடுப்பேன். அங்கேயே நின்று படி. நீ படித்து முடிக்கும் வரை பெட்டியைக் கீழே வைக்காமல் எதிரே நின்றுகொண்டிருப்பேன்.

தரணிதரன்